மூன்றாவது கியர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் அறை ஜன்னல் சரியாக மூடவில்லை என்றாயே, காகிதத்தை மடித்து இடுக்கில் செருகு, காற்று வராது. வேளைக்குச் சாப்பிடு. இந்த உறைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைத் தொடாதே. உன் பொறுமை எனக்குத் தெரியும், இந்நேரம் பாதி பிரித்திருப்பாய்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் காரை நாங்கள் விற்கவில்லை.

நீ சொன்னபடி விற்கத்தான் பார்த்தோம். மலைப்பாதைப் பந்தயத்தில் மூன்றாவது கியர் உடைந்து, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்றே, "நான்தான் தப்பா கியரைப் போட்டு உடைச்சேன், இனிமே ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்" என்று சாவியை என் தையல் பெட்டிக்குள் போட்டாய். அடுத்த மாதமே அந்த ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டாய். ஊரும் சும்மா இருந்ததா? பெண்ணுக்கு எதற்கு இத்தனை வேகம் என்று என் காது படவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாங்க வந்த ஆளோ, ஓடாத வண்டியை வைத்து என்ன செய்வது, ஓட வைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். சரி, வேறு கியர்பாக்ஸ் மாட்டித் தலைமுழுகிவிடலாம் என்றுதான் இறங்கினோம்.

எங்கள் லேத் பட்டறையின் பின்கொட்டகையை முதலாளி விட்டுக் கொடுத்தார். முப்பது வருடம் பஸ்ஸைச் சீட்டின் மேலேயே உட்கார்ந்து ஓட்டிய உன் அப்பா, முதன்முதலாக ஒரு வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்திருக்கத்தான் நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பாக்ஸை இறக்கித் திறந்தபோது, மூன்றாவது கியரின் உடைந்த பல் அடியில் எண்ணெயோடு கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அன்றைக்கு ஒரே அடியில் உடைந்திருந்தால் உடைந்த இடம் முழுக்கப் பளபளவென்று இருக்க வேண்டும். இதில் முக்கால்வாசி மங்கிக் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும்தான் கொஞ்சம் புதுப் பளபளப்பு. அதாவது, விரிசல் விழுந்து பல மாதம் ஆகியிருக்கிறது. நீ டர்போ வைத்து என்ஜின் பலத்தை இரண்டு மடங்காக்கினாய். அந்தச் சின்ன கியர்பாக்ஸ் தாங்காமல் உள்ளுக்குள்ளே முறிந்துகொண்டே வந்திருக்கிறது. அன்று யார் கை போட்டிருந்தாலும் அது உடைந்திருக்கும். பந்தயத்துக்கு முன்பே அதை மாற்ற வேண்டும் என்று நீ சொன்னாய். இந்த ஒரு பந்தயம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது நான். ஆகவே பழி உன்னுடையது இல்லையம்மா, என்னுடையது.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சிரிப்பாய். இதை அம்மாவாகச் சொல்லவில்லை, இருபத்திரண்டு வருடம் லேத்தில் நின்றவளாகச் சொல்கிறேன். விரிசல் விட்ட பல்லோடு, கடைசிக்கு முந்தின வளைவு வரை, எல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் ஏறியிருக்கிறாய். பட்டறையில் ஒருவர் விடாமல் அந்தப் பல்லைக் காட்டினேன், என் பல்லையும் சேர்த்துத்தான். வாங்க வந்த ஆளிடம் அப்பாவே போய், வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பிறகு ஒழுங்காக ஒரு கியர்பாக்ஸ் தேடினோம். பாரம் இழுக்கும் வேனிலிருந்து ஒன்று கிடைத்தது. பல் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன். ஆனால் அதன் துளைகள் உன் என்ஜினோடு பொருந்தவில்லை. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு தகடு கடைந்தேன். அதில்தான் கூத்து. கியர்பாக்ஸின் முகத்தில் காகிதம் வைத்துத் துளைகளைப் பதிவெடுத்தவள், அதைத் திருப்பி ஒட்டாமல் அப்படியே தகட்டில் ஒட்டித் துளைத்துவிட்டேன். மாட்டப் போனால் எல்லாம் இடம் வலம் மாறிக் கிடக்கிறது. நாலு நாள் வேலை போச்சு. பஸ்ஸைக் கண்ணாடி பார்த்து ஓட்டலாம், துளையுமா கண்ணாடி பார்த்துப் போடுவாய் என்று உன் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டு மறுநாளே வேறு தகடு எடுத்தேன். இந்த முறை மயிரிழை பிசகவில்லை. கெட்டுப்போன தகட்டை லேத்துக்கு மேலே எல்லோரும் பார்க்க மாட்டியிருக்கிறேன். அதற்காக நான் லேத்தை விட்டுவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விடவில்லை.

போன ஞாயிறு காலை வண்டியை வெளியே எடுத்தோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது, இரண்டாவதும் அப்படியே. நேர்ச்சாலை வந்ததும் என்ஜின் அடுத்த கியருக்குக் கத்தியது. அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மூணாவது அவளுது. அவ வந்து போடட்டும்" என்றார். வீடு வரும்வரை இரண்டாவதிலேயே வந்தோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தார்கள். அவர் முகத்தில் இருந்த கர்வத்தைப் பார்த்தால் பந்தயத்தில் ஜெயித்து வருகிறவர் என்று நினைப்பாய்.

சாவியைத் திரும்பத் தையல் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். இப்போது பொட்டலத்தைப் பிரி. அந்தப் பல்லை ஜன்னலோரம் பிடி. கறுப்பு எவ்வளவு, பளபளப்பு எவ்வளவு என்று உன் கண்ணாலேயே பார்.

பந்தயத்துக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் ஒரே ஒரு முறை வந்து அந்த மூன்றாவதைப் போட்டுவிட்டுப் போ, கண்ணு. அதுவரை நாங்கள் இரண்டாவதிலேயே ஊரைச் சுற்றிக்கொண்டிருப்போம்.

உன் கை உறுதியாகவும் மனசு லேசாகவும் இருக்கட்டும்.

உன்னைப் பெற்றதில் நிமிர்ந்து நடக்கும்,
அம்மா