பதினேழு ஹோசே லோபெஸ்கள்

ஒக்ரோபர் 26, ஞாயிறு

காலையில் மழை. பத்து மணிக்கு வெயில். பூசை முடிந்து வெளியே வர மறுபடி மழை. குடை காருக்குள்.

கோவில் வாசலில் மேசை போட்டுத் தாள் வைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆன்மாக்கள் திருநாள். இறந்தவர்களின் பெயரை எழுதிவிட்டால் ஃபாதர் பூசையில் வாசிப்பார். வழக்கம்போல அப்பாவின் பெயரை எழுதினேன். பேனையை வைக்கப் போக, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யூட்டின்ர பேரையும் எழுது பிள்ளை."

இருபத்தெட்டு வருஷத்தில் அம்மா இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி தலையில் இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்தார்.

மழைக்குள் கிளென் ஈடன் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மத்தியானம் ஸ்னாப்பர் மீன் குழம்பு. உப்பு கூடிவிட்டது.

ஒக்ரோபர் 27, திங்கள்

இந்த நாட்டுத் தொழிலாளர் தின லீவு. காற்று. செய்தவை: படுக்கை விரிப்புகள் தோய்த்தது, அம்மாவின் மருந்துப் பெட்டி நிரப்பியது, குசினி லாச்சி ஒதுக்கியது. லாச்சியை முழுதாக இழுத்தால் அடியில் நீலக் கொப்பி. எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஐம்பத்து நாலு வயதில்.

இதுவரை எங்கும் எழுதாததை எழுதிவிடுகிறேன். யூட் என் தம்பி. மன்னாரிலிருந்து கொழும்பு வந்து, ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் கனடாவுக்குப் புறப்பட்டான். வயது இருபத்து நாலு. ஈக்குவடோர் வரை போனது தெரியும். அங்கேயிருந்து, நாங்கள் தங்கியிருந்த கொழும்பு லொட்ஜுக்கு ஒரே ஒரு தடவை ஃபோன் எடுத்தான். "அக்கா, என்ர பேர் இப்ப ஹோசே லோபெஸ். 'ஹ' எண்டு காத்து விட்டுச் சொல்லவேணும். சிரிக்காதை." நான் சிரித்தேன். பிறகு அம்மா ஒரு நிமிஷம் கதைத்தார். காசு முடிந்து லைன் அறுந்தது. அவ்வளவுதான்.

இணையம் வந்த காலத்திலிருந்து அந்தப் பெயரைத் தேடுகிறேன். கிடைத்தவர்களை இந்தக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் பதினேழு ஹோ.லோ.

கோல் கீப்பர். முழங்கால் போய் இப்போது பயிற்சியாளர்.
ஆயர். இருதய வருத்தம்.
சைக்கிள் ஓட்டுகிறவர். மலை ஏறுவதில் கெட்டிக்காரர்.
நீதிபதி.
குதிரைகளை மட்டும் வரைகிற ஓவியர்.
அரசியல்வாதிகள் இரண்டு பேர், வேறு வேறு நாடு. இரண்டு பேருமே தோற்றவர்கள்.

இப்படியே போகிறது. ஆயர் ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் அவருக்காக மெழுகுதிரி கொளுத்தினேன். சைக்கிள்காரருக்குப் பெண் குழந்தை பிறந்ததும் தெரியும். எல்லாரும் பேர் எடுத்தவர்கள். என் தம்பியும் பேர் எடுத்தவன்தான், ஏஜென்சிக்காரனிடமிருந்து. பேர் பெற்றவர்களைத்தானே எழுதி வைக்கிறார்கள். எங்கேயாவது மேசன் வேலை செய்துகொண்டு இருக்கிற ஹோ.லோ.வை யார் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மேசன் வேலை, ஒரு பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் தொப்பை. அப்படி வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம்.

அந்தத் தாளில் எழுதினால் தொப்பையும் போய்விடும்.

ஒக்ரோபர் 29, புதன்

மங்கரேக்குப் போகும் வழியெல்லாம் நெரிசல். வேலையில் இருபது நிமிஷம் பிந்திவிட்டேன். சரக்குப் பத்திரங்கள் மலைபோல். லோங் வீக்கெண்டுக்குப் பிறகு எப்போதும் இப்படித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் நீலக் கொப்பி என் பையிலிருந்து விழுந்தது. பக்கத்து மேசை மரிசோல் எடுத்துத் தந்தாள். சிலி நாட்டுக்காரி. ஆறு வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறோம். பிள்ளைகள், வாடகை, முதுகு வலி எல்லாம் கதைத்திருக்கிறோம், இதைத் தவிர. பெயர்கள் கண்ணில் பட்டதும் யார் இத்தனை ஹோசே லோபெஸ் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. அவள்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு ஒன்று கேட்டாள். இரண்டாவது குடும்பப் பெயர் என்ன? அவர்கள் ஊர்களில் எல்லோருக்கும் இரண்டு உண்டாம், ஒன்று தகப்பன் வழி, ஒன்று தாய் வழி. பாஸ்போர்ட்டில் இரண்டும் இருக்குமாம். வெறும் ஹோசே லோபெஸ் என்று தேடுவது கடலில் மீன் என்று தேடுவது போல என்றாள்.

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஒக்ரோபர் 30, வியாழன்

குளிர். அம்மாவுக்கு இருமல்.

பின்னேரம் செபமாலை முடிந்தபின் கேட்டேன். யூட் ஃபோனில் உங்களிடம் என்ன சொன்னவன்? சுகமாக இருக்கிறேன், எனக்காகப் பூசை வையுங்கள் என்றானாம். எந்தப் பெயருக்கு வைக்கிறது என்று அம்மா கேட்டாராம். முழுப் பெயரும் சொன்னானாம்.

"என்ன பேர் அம்மா?"

செபமாலையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார். பிறகு, "ஓசேலோப்பெசு கீசுப்பை."

இந்தச் சொல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் செபமாலை முடிவில் அம்மா வாய்க்குள் சொல்கிற சொல். ஏதோ பழைய லத்தீன் செபம் என்று நினைத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். அம்மா கத்தவில்லை.

"ஒருதருக்கும் சொல்லவேண்டாம், பிடிச்சிடுவாங்கள் எண்டு சொன்னவன். இனி ஆர் அவனைப் பிடிக்கிறது?"

அம்மாவின் கட்டிலில், பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஒக்ரோபர் 31, வெள்ளி

கீசுப்பை என்று சொன்னதும் மரிசோல் மூன்று தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கிஸ்பே. அவர்கள் பக்கத்து மலைநாட்டுப் பெயராம். சாப்பாட்டு நேரம் முழுக்க ஃபோனில் தேடினாள். மூன்று பேர். ஒருவர் பிறந்தது மிகவும் பிந்தி. ஒருவர் கிழவர். மூன்றாமவர் ஈக்குவடோரில் ஒரு துறைமுக ஊரில் பேக்கரி நடத்துகிறார். படத்தில் மாவு படிந்த மீசை.

யூட் இல்லை. பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மரிசோல் அவருக்கு நாலு வரி எழுதினாள். உங்கள் பாஸ்போர்ட் எப்போதாவது தொலைந்ததா, நாங்கள் ஒரு இலங்கைப் பையனைத் தேடுகிறோம் என்று. மூன்று மணிக்குப் பதில் வந்தது. ஒரே வரி. நாளைக்கு என்னோடு கதைக்க முடியுமா?

வீட்டில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. முகமூடி போட்ட பிள்ளைகள் இனிப்புக் கேட்டுக் கதவைத் தட்டினார்கள். டெய்ரிக் கடையில் வாங்கிய லொலி இனிப்பு ஒரு பை. அம்மா கைநிறைய அள்ளிக் கொடுத்தார்.

நவம்பர் 1, சனி

வெயில். ஒன்பது மணிக்கு மரிசோல் வந்தாள், கையில் கேக்கோடு. அம்மாவை அறைக்குள் இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கதிரையை இழுத்து ஃபோனுக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

பேக்கரிக்காரர் சொல்லச் சொல்ல மரிசோல் ஆங்கிலத்தில் சொன்னாள், நான் தமிழில் அம்மாவுக்கு. வரிசையாக எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

இளவயதில் கஷ்டத்துக்குத் தன் பாஸ்போர்ட்டை ஒருவனுக்கு விற்றிருக்கிறார். படத்தை மாற்றுவார்கள் என்று தெரியும். யாருக்கு என்று தெரியாது. இரண்டு மாதம் கழித்து, அவர் வேறு ஊரில் வேலையாக இருந்த நேரம், பொலிஸ் அவருடைய தாயிடம் போய், உன் மகன் படகு கவிழ்ந்து செத்துவிட்டான், வந்து எடு என்றிருக்கிறது. பிளாஸ்டிக்கில் சுற்றிய பாஸ்போர்ட் இடுப்பில் இருந்ததாம்.

தாய் போய்ப் பார்த்தார். தன் மகன் இல்லை என்று கண்டவுடன் தெரிந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்றால் பெயர் இல்லாதவர்களின் குழியில் போட்டுவிடுவார்கள். என் மகன்தான் என்று கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் குடும்ப நிலத்தில் அடக்கம் செய்தார். செத்தவனாகப் பதிவான மகன், உயிரோடு இருப்பதை நிரூபிக்க இரண்டு வருஷம் அலைந்தாராம். அதற்குப் பிறகும் கல்லறையிலிருந்து அந்தப் பெயரை எடுக்கத் தாய் விடவில்லையாம்.

அடையாளம் ஏதாவது, என்று மரிசோலிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாள். வலது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருந்தன என்று தாய் சொல்வாராம்.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். மரிசோலும் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. என்னையும் யூட்டையும் பெற்றவருக்குப் பார்க்கத் தேவையில்லை.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "குளிப்பாட்டினவையோ?"

ஓம். அந்தத் தாயே, தன் கையால்.

"அவவின்ர பேர் என்ன?"

ரோசா. போன வருஷம் செத்துப்போனார். பையனின் சொந்தப் பெயர் தெரியாமல் போகிறேனே என்று கடைசிவரை சொன்னாராம். இப்போது மகன் கேட்டார். அவனுடைய பெயர் என்ன?

மரிசோல் ஆங்கில எழுத்தில் அனுப்ப, அந்த வாயால் யூட் என்று வாசிக்கக் கேட்டேன். "ஹூட்" என்றுதான் வந்தது.

மரிசோல் போனபின் கேக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். தொப்பை வைத்த மேசன் எங்கேயும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மப்பு வானம். மழை இல்லை.

தாளில் அம்மாவே எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக எழுத நேரம் எடுத்தது. பின்னால் வரிசை நின்றது. யூட். அதற்குக் கீழே ரோசா.

ஃபாதர் வாசித்தபோது அம்மா ஓம் என்றார், கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பூசைக்கென்று தன் வீட்டிலிருந்து வந்திருந்த என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா பகிடிக்காரரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெயரைச் சொன்னால் சிரிப்புக் காட்டுவான் என்றேன்.

பூசை முடிந்ததும் பேக்கரிக்காரரின் செய்தி, மரிசோல் வழியாக. அவர்கள் ஊரிலும் நவம்பர் இரண்டு இறந்தோர் நாள். பிள்ளை உருவத்தில் பாண் சுட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோவார்களாம். ஒவ்வொரு வருஷமும் யூட்டுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்த வருஷம் பெயரும் எழுத வேண்டும், உங்கள் எழுத்திலேயே எழுதி அனுப்புங்கள் என்றிருந்தார். தாளில் பெரிதாக எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே இன்னும் சனிக்கிழமைதான், அந்த நாள் விடியக் கனநேரம்.

செபமாலை முடிவில் காது கொடுத்துக் கேட்டேன். அம்மா வாய்க்குள் யூட் என்றார். பழக்கத்தில் கீசுப்பையும் வந்தது.

நவம்பர் 3, திங்கள்

வேலை. பத்து மணிக்கு மரிசோல் ஓடி வந்து ஃபோனை நீட்டினாள். வெள்ளைச் சிலுவை, கீழே பாண், நாவல் நிறத்தில் ஒரு குவளை பானம். ஹோசே லோபெஸ் கிஸ்பே என்ற பழைய எழுத்துக்கு மேலே, கறுப்புப் பெயின்டில், ஈரத்தோடு, தமிழ். கோணல்தான். யூட என்று நிற்கிறது. கடைசி எழுத்தில் புள்ளி இல்லை.

மேலே ஒரு புள்ளி வைக்கவேண்டும் என்று சொல்லு என்றேன். மரிசோல் எழுதினாள். அங்கே இன்னும் ஞாயிறு, பின்னேரம் நாலு மணி. இன்னும் கல்லறையடியில்தான் நிற்கிறாராம், பிரஷ் கையிலேயே இருக்கிறதாம். எவ்வளவு பெரிய புள்ளி என்று கேட்கிறார்.