மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கோடு

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. புது வகுப்பு, பழைய பெஞ்சு. உயரப்படி நிற்கவைத்தபோது கடைசி ஆளுக்கு முந்தின ஆள் நான். வளர்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குத் தலை வாரிவிட்டேன். கண்ணாடியில் அவன் உருவம் தெரியாது என்பதால் நான்தான் அவனுக்குக் கண்ணாடி. "தாடையில அந்தப் பரு இன்னும் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. விளையாட்டு முகாமுக்குப் போன இடத்தில் அவனை எதுவோ கடித்த அன்று இருந்த அதே பரு. இனி எந்தக் காலத்திலும் போகாது. பல்லுக்குப் போட்ட கம்பியும் அப்படியே. அப்போதுதான் உடையத் தொடங்கியிருந்த குரல் பாதியில் நின்றுவிட்டது. ஆம்பிளைக் குரலில் ஆரம்பித்துக் கோழிக்குஞ்சாக முடிப்பான். பதினைந்து வயதில் ரத்தக்காட்டேரி ஆனால் இதுதான் கதி. வெளியில் யாராவது கேட்டால் வெயில் ஒத்துக்கொள்ளாத வியாதி என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

எனக்கு அப்போது பத்து. இப்போது எனக்கும் பதினைந்து.

ஜூன் 8, சனி

அம்மா என்னை ராத்திரி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணனைப் போன்றவர்களைப் பார்ப்பவர். பொழுது சாய்ந்தபின்தான் கடை திறப்பார், அதனால் அந்தப் பெயர். எனக்கு ஒரு வியாதியும் இல்லையே என்றேன். அம்மா டோக்கன் வாங்கப் போனாள்.

இடது கையை விரித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார்.

"இந்தக் கோடு இருக்கற வரைக்கும் எலும்பு வளரும். அதுக்குள்ள உங்க பையன் கடிச்சா இவளும் அவனை மாதிரி ஆயிடுவா. கோடு மூடினப்புறம் கடிச்சா ஆளே மிஞ்ச மாட்டா. ரெண்டு மாசம் டைம் இருக்கும்மா. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

அம்மா தையல்காரி. துணி சுருங்குமா, சாயம் போகுமா என்று கேட்கிற அதே முகத்தோடு தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின்தான் சொன்னாள்.

"நானும் அப்பாவும் இன்னும் எத்தனை நாளைக்கு? எங்களுக்கப்புறம் அவனுக்கு யாருடி இருக்கா? நீ இருந்தா ஒருத்தருக்கொருத்தர் துணை."

"சரிம்மா" என்றேன். பால் வாங்கிக்கொண்டு வா என்றால் சொல்கிற சரி.

ஜூன் 9

சரி என்று சொன்னது நான்தான். யாரும் கையை முறுக்கவில்லை.

ஜூன் 15, சனி

அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். இந்த விஷயத்தில் இதுவரை வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஃபிரிட்ஜில் மேல் தட்டு அண்ணனுக்கு (கறிக்கடை ரத்தம், மூடி போட்ட டப்பாவில்), கீழ்த் தட்டு எங்களுக்கு. இன்று மதியம் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடத்தில் வைத்து, கேஸ் அடைத்து, ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"எதுக்குப்பா இன்னொண்ணு?"

"ரெண்டு பேருக்கு ஒரு தட்டு பத்தாதும்மா" என்று ஃபிரிட்ஜிடம் சொன்னார்.

அம்மா என் ஜன்னலுக்கு மூன்று அடுக்குத் திரை தைக்கிறாள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டாள். வெளிச்சமே வரப்போவதில்லை, எந்த நிறமாக இருந்தால் என்ன? மஞ்சள் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

விளையாட்டு வகுப்பில் டீச்சர் எல்லோரையும் மைதானத்தில் நிற்கவைத்துவிட்டுத் வருகைப் பதிவேட்டை எடுத்துவரப் போனவர் வெகுநேரம் வரவில்லை. உச்சி வெயில். பக்கத்து பெஞ்சுக்காரி மண்டை வெடிக்குது என்று திட்டித் தீர்த்தாள். நான் நகரவே இல்லை. கழுத்தில் வேர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கியது. "உனக்கென்னடி பைத்தியமா?" என்றாள்.

எனக்கு வேண்டாம். இது எனக்கு வேண்டவே வேண்டாம். எனக்கு முப்பது வயசாகணும், நாற்பது ஆகணும். இடுப்பு வலிக்குதுன்னு அம்மா மாதிரி புலம்பணும். அவனுக்குத் துணை வேணும், சரி - அதுக்கு நான் என்ன, கடையில வாங்கின பொருளா? ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உனக்கு வேணுமான்னு கேட்டீங்களா?

எழுதிவிட்டேன். அண்ணன்மேல் எனக்கு உயிர். அதுவும் நிஜம்தான்.

ஜூன் 30, ஞாயிறு

நடுப்பகல். அண்ணன் என் அறை வாசலில் நின்றான். கூப்பிடாமல் அவனால் வாசலைத் தாண்ட முடியாது. தங்கைகளுக்காகவே யாரோ போட்ட சட்டம்.

"கூப்பிடேன்டி எலி."

"வந்து தொலை."

வந்து தரையில் உட்கார்ந்தான். புதுத் திரையைத் தொட்டுப் பார்த்தான். "உனக்கு இது வேணுமா?" என்று கேட்டான்.

"அம்மா சொல்றா..."

"அம்மா என்ன சொல்றான்னு எனக்கே மனப்பாடம். உன்னைக் கேக்கறேன்."

இல்லை என்று தலையாட்டினேன். அழக்கூடாது என்று நினைத்தேன், மூக்கு ஒழுகியது.

"அப்பாடா" என்றான். "உன்னைப் பாத்துத்தான்டி எனக்கு வருஷம் போறதே தெரியுது. உன் செருப்பு சைஸ் மாறுது, மூஞ்சி மாறுது. நீயும் நின்னுட்டா அப்புறம் நான் காலண்டருக்கு எங்க போறது?"

"அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாதுண்ணா. அவ முகத்தைப் பாக்க முடியாது."

"நீ வாயே திறக்காத. நான் பாத்துக்கறேன்."

"உனக்குப் பயமா இல்லையா? தனியா?"

தாடைப் பருவைச் சொறிந்தான். "இருக்கு" என்றான். குரல் உடைந்தது. எப்போதும் உடைகிற குரல்தான், அதனால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஜூலை 7, ஞாயிறு

அம்மா குறித்த நாள். சோப்புப் போட்டுக் கழுத்தைக் கழுவிக்கொண்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். அப்பா பழைய ஃபிரிட்ஜைத் திறந்து, ஒன்றுமில்லாத அதன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வந்தான். கழுத்தருகே குனிந்தான். அவன் கை சில்லென்று இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடி ஓங்கரித்தான்.

"சீ! இவ ரத்தம் நாறுதும்மா! செத்த எலி நாத்தம். என்னால முடியாது சாமி!"

"மருந்துன்னு நினைச்சுக்கோடா! மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கடி!"

"ஆயுசுக்கும் இந்த நாத்தத்தோட ஒரே வீட்டுலயா? நான் தனியாவே இருந்துக்கறேன்."

அம்மா விடவில்லை. நன்றி கெட்டவனே, உனக்காகத்தானேடா பெத்த பொண்ணையே உட்கார வெச்சிருக்கேன் என்று கத்தினாள். அண்ணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். என் பக்கம் ஒரு சொல்கூட விழவில்லை. அப்பா ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்.

ஜூலை 21

மறுபடியும் உட்காரவைத்தாள். மறுபடியும் ஓங்கரித்தான். இந்தமுறை கொஞ்சம் அதிகப்படியான நடிப்பு. அம்மா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

எக்ஸ்ரே. கோடு இல்லை. "மூடிடுச்சும்மா" என்றார் டாக்டர்.

அம்மா படத்தை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் தேடினாள். திருப்பிப் பிடித்தும் தேடினாள். டாக்டர் காத்திருந்தார். பஸ்ஸில் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள், விடவில்லை. பாலம் தாண்டியதும் சொன்னாள்.

"அவன் நடிச்சான்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னு நீ சொல்லியிருந்தா விட்டிருப்பேனான்னு கேட்டா, தெரியலடி."

அம்மா பொய் சொல்லவில்லை. அதனால்தான் கையை இழுத்துக்கொள்ளாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் "டப்பாவை எடுத்து வெளிய வெச்சிருக்கேன், குடி" என்றாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு. அவன் குடித்துவிட்டு டப்பாவைத் தானே கழுவி வைத்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் வெளியே போயிருந்தார்கள். பின்பக்கம் வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மணி அடித்தது. தண்ணீர்க் குழாய் பார்க்கிற ஆள், புதுசு. அண்ணன் கதவுக்குப் பின்னால், நிழலில் நின்றபடி திறந்திருக்கிறான்.

"வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா தம்பி?"

ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"இருங்க" என்றான் அண்ணன். "எங்க அக்கா இருக்கா."

பிறகு உள்பக்கம் திரும்பி, ஆம்பிளைக் குரலில் ஆரம்பித்துக் கோழிக்குஞ்சாக முடித்து, வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான்:

"அக்கா!"

கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டேன்.

"இதோ வரேன்டா" என்றேன்.