சும்மா கொடுத்த புத்தகம்

செப்டம்பர் 4

என் புள்ளியியல் புத்தகம் இன்று கல்லூரி இணையதளத்தில் ஏறிவிட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், மாற்றி எழுதலாம். இரண்டே நிபந்தனை: என் பெயர் இருக்க வேண்டும், விலை வைக்கக் கூடாது. ஆசிரியர் அறையில் பக்கத்து இருக்கை அக்காதான் பிழை திருத்திக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் இதை நான் முடித்திருக்கவே மாட்டேன்.

நர்சிங் மாணவிகளுக்கான கணக்கு என்பதால் மாமனாரின் ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொண்டேன். "என் பிரஷர் பாடப்புத்தகத்துல வருது!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

செப்டம்பர் 19

அக்கா மூலக் கோப்பைக் கேட்டார். வகுப்புக்கு வேண்டுமாம். இதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டுமா என்ன?

ஜனவரி 12

புத்தகம் திறக்கவில்லை என்று மாணவிகள் வந்து நிற்கிறார்கள். தேர்வு வேறு நெருங்குகிறது. ஒரு பதிப்பகம் புகார் கொடுத்ததால் இணையதளத்தில் முடக்கிவிட்டார்களாம் — அவர்கள் புத்தகத்தை நான் திருடிவிட்டேன் என்று. நானா?

ஜனவரி 13

அந்தப் புத்தகத்தைக் கடையில் வாங்கினேன். என் அத்தியாயங்கள், என் கணக்குகள். அட்டையில் அக்கா பெயர். உள்ளே 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே'. மாமனார் 'ஒரு நோயாளி' ஆகியிருக்கிறார்.

"யாரைக் கேட்டு என் பிரஷரை வித்தா அவ?" என்று அவர்தான் கத்தினார்.

ஜனவரி 15

கேட்டேவிட்டேன். அக்கா கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. "நீதானேம்மா ஊருக்கே சும்மா கொடுத்தே? சும்மா கிடந்ததைத்தான் எடுத்தேன்."

எடுத்ததுக்கு எனக்கு வருத்தமே இல்லை. எடுக்கச் சொல்லித்தானே போட்டேன். பூட்டு போட்டுட்டீங்களே அக்கா — என் பிள்ளைங்க படிக்க முடியாம பூட்டிட்டு, என்னையே திருடின்னு சொல்ல வச்சுட்டீங்களே.

ஜனவரி 20

முதல்வர் இருவரையும் கூப்பிட்டார். பல வருடம் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் அவர். இரண்டு புத்தகங்களையும் புரட்டியவர், ஆறாம் கணக்கில் நின்றார். தினமும் நூற்று முப்பதை ஒட்டியே இருக்கும் அழுத்தம் ஒரு நாள் மட்டும் நூற்று எண்பது. "ஏன்?"

என் புத்தகத்தில் நான் விடை போடுவதில்லை. வகுப்பில் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா தன் புத்தகத்தில் விடையைச் சேர்த்திருந்தார். அதையே சொன்னார்: "நோய் முத்திடுச்சு, மேடம். மருந்தைக் கூட்டணும்."

"குளிருதுன்னு மாமா அன்னைக்கு ஸ்வெட்டரைக் கழட்டலை. நானும் தடி ஸ்வெட்டர் மேலயே பிரஷர் பட்டையைச் சுத்திட்டேன்," என்றேன். "கழட்டிட்டுப் பார்த்தா எப்பவும் போலத்தான் இருந்தது. மருந்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி மறுபடி அளந்து பாருங்கிறதுதான் பாடம்."

முதல்வர் அக்காவின் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "இதைப் படிச்சுட்டு ஒரு பொண்ணு வார்டுக்குப் போயிருந்தா?" என்றார்.

ஜனவரி 29

முதல்வர் எழுதிய கடிதத்தைப் பார்த்துப் பதிப்பகம் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டது. கடைகளிலிருந்து அந்தப் புத்தகத்தையும் எடுக்கிறார்களாம். என்னுடையது மறுபடி திறக்கிறது. மாணவிகள் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 7

இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர் — அக்கா என்று எழுத இனி வரவில்லை — தயங்கித் தயங்கி வந்தார். வகுப்புக்கு என் புத்தகம் வேண்டுமாம். கேட்கலாமா என்று தெரியவில்லையாம்.

"என்னைக் கேட்கவே வேண்டாம். இணையதளத்துல இருக்கு," என்றேன். "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மேடம்."