அம்மாவின் கையில் அப்பா கட்டிய நூல்

எங்கள் வீட்டுச் சிரிப்பையெல்லாம் உன்னோடு எடுத்துக்கொண்டு போன என் அம்மாவுக்கு,

அப்பா வாசித்துவிட்டார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்கும்வரை உனக்குப் பொறுமை இருக்காது. உயிர்த்தெழுந்த பண்டிகை விடியற்காலையில், உன் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, எல்கடுவத் தோட்டத்துச் சபை முழுதும் கேட்க வேதம் வாசித்தார். குரல் நடுங்கவே இல்லை.

நீ போன பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியுமோ என்னவோ. உன்னைக் குளிப்பாட்டும்போது ஜாக்கெட் கைக்குள் மந்திரித்த கறுப்பு நூல் ஒன்று இருந்தது. நான் கத்தரிக்கோலைத் தேடினேன். பாக்கியம் சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தி, சேலையை இழுத்து அதை மூடிவிட்டாள். அந்த நூலோடுதான் உன்னை அடக்கம் செய்தோம்.

உபதேசியார் வீட்டில் நூலா? போதகர் ஐயா மாத்தளையிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும், வேதம் வாசிப்பதும், ஆலயத்து வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்துச் சனத்தைக் கூப்பிடுவதும் அப்பாதான். நூல் கட்டினவர்களை அவர் படுத்திய பாடு கொஞ்சமா? பாக்கியம் சித்தி, இழுப்பு வந்த கைக்குழந்தைக்கு நூல் கட்டினாள் என்று திருவிருந்தை நிறுத்தி, ஆலயத்தின் கடைசிப் பெஞ்சான பின் வாங்கில் உட்காரவைத்தது அவர்தானே. தண்டனை முடிந்தும் அவள் முன்னால் வரவில்லை. அந்தக் குழந்தை இப்போது மீசை வைத்துக்கொண்டு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகிறான். சித்தி இத்தனை வருஷமும் பின் வாங்கில்தான் இருந்தாள்.

அப்படிப்பட்ட மனிதர், டாக்டர் கைவிரித்ததும், யாருக்கும் தெரியக்கூடாது என்று பஸ் மாறி பஸ் ஏறி யட்டவத்த வரைக்கும் போய் நூல் மந்திரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நீ எப்படிக் கையை நீட்டினாய் அம்மா? அவர் முகத்தைப் பார்த்துத்தான் நீட்டியிருப்பாய்.

யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்த ஞாயிறன்று அவரே சபைமுன் எழுந்து நின்று சொன்னார். வேதப்புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனவர், போனவர்தான். போதகர் ஐயா வீடு தேடி வந்து ஜெபித்து, மன்னிப்பு உண்டு என்று சொல்லிக் கூப்பிட்டார். அசையவில்லை. ஞாயிறு தவறாமல் தண்டவாளத்தை அடிப்பார், பிறகு கொய்யா மரத்தடியில் நின்றுகொள்வார். உள்ளே கணக்கப்பிள்ளை மகன் வாசிப்பான். அவன் வாயில் எத்தனை தீர்க்கதரிசிகளின் பேர் மாறிப்போனது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். தன் பாவம் தன்னோடு போகாமல், அதை உன் கையில் கட்டி உன்னை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அந்தக் கையோடு நீ ஆண்டவர் முன்னால் எப்படி நிற்பாய் என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

பண்டிகையன்று விடியுமுன்பே மெழுகுவத்தி ஏந்திக்கொண்டு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினோம். அப்பாவும் வந்தார், ஆனால் வேலிக்கு வெளியே. கணக்கப்பிள்ளை மகன் புத்தகத்தை விரித்ததும் பாக்கியம் சித்தி அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே வேலியோரம் நடந்தாள். சித்தியுடையது இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுத்துவிட்ட குடும்பம்; இனி யாருக்குப் பயப்படப் போகிறாள்?

"என்னைய பின் வாங்குல ஒக்கார வச்சீங்க உபதேசியாரே. அழுதுகிட்டேதான் போனேன். போனா, எனக்கு முன்னால ஆண்டவரு அங்க வந்து ஒக்காந்திருந்தாருங்க."

அப்பா தலை நிமிரவில்லை. "அவ கையில நூலு இருக்கே பாக்கியம்," என்றார்.

"இருக்கட்டுமே. நூலு கட்டியிருந்தா அக்காவ அவருக்கு அடையாளம் தெரியாமப் போயிருமா? வந்து வாசிங்க."

உன் அடக்கத்தில்கூட அழாதவர் அங்கே நின்று வாய்விட்டு அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கல்லறை திறந்து கிடந்ததைப் பெண்கள் கண்ட பகுதியை வாசித்தார். என்ன வாசிப்பு அம்மா அது. முன்பெல்லாம் நம்மைத் திட்டுவதுபோல வாசிப்பார். அன்று அந்தச் செய்தி அப்போதுதான் அவர் கைக்கு வந்து சேர்ந்ததுபோல வாசித்தார்.

பாடிக்கொண்டே இறங்கினோம். அவர் தண்டவாளத்தை அடித்த அடியில் லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் பூசாரிகூட என்ன விசேஷம் என்று கேட்டு, உபதேசியார் திரும்பிவிட்டார் என்றதும் சந்தோஷப்பட்டார். பிற்பாடு போதகர் ஐயா வந்து திருவிருந்து கொடுத்தபோது, அப்பா பின் வாங்குக்குப் போய்ப் பாக்கியம் சித்தியை அழைத்துக்கொண்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

இன்னொன்று கேள். போன வாரம் ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுக்க ஒரு பெண் வந்தாள். குழந்தையின் இடுப்பில் கறுப்பு நூல். அவள் அவசரமாக முந்தானையை இழுத்து மூடினாள். அப்பா குனிந்து கேட்டது இதுதான்: "புள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருச்சா தாயி?"

நம் தேவன் அவரைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார் என்று ஊர் சொல்கிறது. இல்லை அம்மா, பழைய இடத்தைவிட நல்ல இடத்தில் வைத்திருக்கிறார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அடுத்த பண்டிகைக்கும் அவரை உன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். பாட்டும் அவரையே தொடங்க வைப்பேன். இது என் வாக்கு. நீ எனக்கு ஒன்று செய். எக்காளம் முழங்க நீ எழுந்து வரும் நாளில் அந்த நூல் கையில் இன்னும் இருந்தால், சேலையை இழுத்து மூடிவிடாதே. எல்லோரும் பார்க்கக் கையை வீசிக்கொண்டு வா.

உன் கையைப் பிடித்து நடக்கப்போகும்
உன் மூத்த மகள், எஸ்தர்