படைச் சின்னத்தில் உள்ள கயிறு என் அண்ணனுடையது

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவரின் மனைவி,
முன்னாள் படையினர் குடியிருப்பு, பின் தெரு.

பெறுநர்:
தளபதி அவர்கள்,
பாலம் கட்டும் படைப்பிரிவு.

பொருள்: படைச் சின்னத்தின் வரலாறு கல்வெட்டில் பொய்யாகப் பொறிக்கப்பட்டது – திருத்தக் கோருதல் – என் கணவர் மீது புகார்.

மதிப்புக்குரிய ஐயா,

1. தாங்கள் தோளில் அணியும் சின்னத்தில், நீலத்தின் மேல் ஒரு கயிறும் அதில் ஒரு முடிச்சும் உள்ளன. கயிற்றின் ஒரு நுனி பிரிபிரியாக அறுந்திருக்கும். நீலம் என்பது வெள்ளம். முடிச்சு, விறகுக் கட்டுக்குப் போடும் முடிச்சு. அதைப் போட்டவர் இப்படையில் சமையல்காரராக இருந்த என் அண்ணன்.

2. போரின்போது பாலம் இடிந்து, படையினர் சிலர் ஆற்றின் நடுத்திட்டில் சிக்கிக்கொண்டனர். என் அண்ணன் கூடாரக் கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் கட்டி, மறு நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நீந்திப் போய், திட்டிலிருந்த மரத்தில் முடிச்சிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கரையேறினர். கடைசியாக வந்தவர் நடு ஆற்றில் பயந்து நின்றுவிட்டார். அவரைக் கரைக்குத் தள்ளிவிட அண்ணன் மறுபடி இறங்கினார். அவர் கரையைத் தொட்டதும் கயிறு அறுந்தது. அண்ணனின் உடல்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அறுந்த நுனியை அப்படியே வரையும்படி சொன்னவர் அன்றைய தளபதி.

3. பயந்து நின்றவர் என் கணவர். எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவரே இதைச் சொன்னார். "இனி நான்தான் உங்க மகன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவருக்குக் கழுத்தை நீட்டினேன். இத்தனை வருடங்களில் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று கரையேறியவர்களில் இன்று உயிரோடிருப்பவர் அவர் ஒருவரே.

4. சென்ற வாரம் ஆண்டு விழாவில் தாங்கள் திறந்துவைத்த கல்வெட்டில், நீந்திச் சென்று கயிறு கட்டிய வீரர் என்று என் கணவரின் பெயர் இருந்தது. அவர் மேடையேறி மாலை வாங்கிக்கொண்டார். தண்ணீர் எப்படிக் குளிர்ந்தது என்றுகூடச் சொன்னார். அண்ணன் பெயர் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அரங்கமே கைதட்டியது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று நானும் தட்டினேன்.

5. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "விழா மலருக்கு எழுத வந்த அதிகாரி, நீங்களா நீந்துனீங்கன்னு கேட்டார். தலையாட்டிட்டேன். அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது" என்றார். பிறகு, "செத்தவனுக்கு என்ன தெரியப் போகுது" என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு போடுகிறேன், பேசுவதில்லை. யாரோ ஒருவர் செய்திருந்தால் பொறுத்துப் போயிருப்பேன்.

6. ஆகவே, கல்வெட்டில் என் அண்ணனின் பெயரைப் பொறிக்கவும், அதே மேடையில் என் கணவரே உண்மையைச் சொல்லவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். அவருக்குத் தண்டனை எதுவும் வேண்டாம்.

7. என் சொல்லில் ஐயம் இருந்தால், அவரை முகாமின் நீச்சல் குளத்தில் இறங்கச் சொல்லிப் பார்க்கலாம். அவருக்கு நீச்சல் தெரியாது. அப்படிச் செய்யும்போது, நீந்தத் தெரிந்த ஆள் ஒருவரைப் பக்கத்திலேயே நிறுத்திவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் அண்ணன் கொடுத்துவிட்டுப் போன உயிர் அது.

இடம்: முன்னாள் படையினர் குடியிருப்பு
நாள்: விழாவுக்கு அடுத்த வாரம், வியாழன்

தங்கள் நீதியை நம்பும்,
(கையெழுத்து)
படைச் சமையல்காரரின் தங்கை