சாம்பல் நிறத்தில் ஐந்து நாள்

வடவள்ளி,
மாசி 6, புதன்கிழமை

சபரீஷ் கண்ணுக்கு அம்மா எழுதுவது. மருதமலையான் தயவில் நானும் உங்கப்பாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம். அங்கே நீயும் கயல்விழியும் தங்கம் கனிஷ்காவும் அந்தப் பனியில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்வது ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பார்ப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, குரலைப் பதிந்து அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பேன் என்று நீயே சொன்னாய். இதை அப்படி ஓட்ட முடியாது, என் கையெழுத்துக்கு நீ நிதானமாகத்தான் படித்தாக வேண்டும். எதிர்வீட்டு ஷ்ரவ்யா ஞாயிற்றுக்கிழமை உங்கள் கால்கரிக்கே திரும்பப் போகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் பொங்கலுக்கு அம்மா அப்பாவைப் பார்க்க வந்தவள்.

உங்கப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் ஒவ்வொரு விருந்தாளி போன பிறகும் ஏறி, பல்பு எரிகிறதா குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். திருப்பூரில் உன் அக்கா மோகனப்பிரியாவும் பிள்ளைகளும் சௌக்கியம். மாப்பிள்ளை கதிர்வேல்தான் பொங்கலிலிருந்து நம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அது ஏன் என்று உனக்குத் தெரியாது. உனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று உங்கப்பா கண்டித்துச் சொல்லியிருந்தார், நானும் ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நீ செய்த ஒரு காரியத்தால் போன வாரம் நடந்ததற்குப் பிறகு என்னால் முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதிப்போடுகிறேன், உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

மாடியை உனக்குக் கல்யாணம் பேசின வருஷம் கட்டினோம், நீங்கள் கனடா போன பிறகு பூட்டிக் கிடந்தது. மாத வாடகைக்கு விடலாம் என்று உங்கப்பா சொன்னபோது நீதான் வேண்டாம் என்றாய். குடித்தனம் வைத்துவிட்டால் நாங்கள் வரும்போது எங்கே தங்குவது, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடலாம், நாங்கள் வருகிற தேதியை மட்டும் அடைத்துக்கொள்ளலாம் என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் ஒத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அறுபத்திரண்டு வயதில் ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்த பெட்ஷீட்டைத் துவைக்க எனக்கு என்ன தலையெழுத்து. வீட்டை ஒரு வாடகைக் கம்பெனியில் போட்டு, அவர்கள் ஆப்பில் ஆள் பதிவு செய்தால் அந்தத் தேதி பச்சையாகி அவர்கள் பெயரும் போட்டோவும் வரும், நாமாக அடைத்த தேதி சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று வீடியோவில் காட்டிக் கொடுத்தாய். நான் அதைப் பார்த்து ஜவுளிக்கடை காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு குழப்பமும் இல்லாமல் மூன்று வருஷம் ஓட்டினேன். அப்புறம் ஒரு கம்பெனி போதவில்லை என்று இன்னொரு கம்பெனியிலும் வீட்டைப் போட்டாய், எனக்குச் சொல்லவில்லை. ஆயுத பூஜை லீவுக்கு ஒரே தேதியில் இரண்டு குடும்பம் கேட்டில் வந்து நின்றது, ஒன்று மைசூர், ஒன்று பாலக்காடு. பாலக்காட்டுக்காரர்களுக்குக் கீழே எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் ஹாலில் படுத்தோம். அதற்கு நீ, இரண்டு கம்பெனி காலண்டரையும் லிங்க் போட்டு இணைத்துவிட்டேன், ஒன்றில் ஆள் வந்தால் மற்றதில் அந்தத் தேதி தானாக அடைபட்டுவிடும், புதுக் கம்பெனிச் செய்தியெல்லாம் என் நம்பருக்கு வரும், நான் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன், இனி அந்த ஜவுளிக்கடை காலண்டரைக் கழற்றி வீசுங்கள் என்றாய். கழற்றினேன். அப்படித் தானாக அடைபடுகிற தேதியும் அதே சாம்பல் நிறத்தில்தான் தெரியும் என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. உனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், காலையில் காபியோடு உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன், ஜனவரி பதினான்கு போகியிலிருந்து பதினெட்டு ஞாயிறு வரைக்கும் ஐந்து நாள் சாம்பல் நிறத்தில் இருந்தது. பெயர் இல்லை, போட்டோ இல்லை. நான் அடைக்கவில்லை, உங்கப்பாவுக்கு அந்த ஆப்பைத் திறக்கவே தெரியாது. அப்படியானால் அடைத்தது நீதான், அடைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே சொல்லிக் கொடுத்திருந்தாய். எழுந்த வேகத்தில் காபி சேலையில் கொட்டிப்போயிற்று. ஏன் அப்போதே உன்னைக் கேட்கவில்லை என்று இப்போது நீ கேட்பாய். போன தீபாவளிக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, போன் பண்ணினாலே இதைத்தான் கேட்கிறீர்கள், அதனால்தான் பண்ணவே யோசனையாக இருக்கிறது என்று நீ சொன்னாய். அன்றைக்கே இனி என் வாயால் கேட்பதில்லை என்று வைராக்கியம் வைத்துவிட்டேன். சொல்லாமல் வந்து நிற்கப் போகிறான், அவன் ஆசையைக் கெடுப்பானேன் என்று இருந்தேன். அடுத்த வாரமே நீ போன் பண்ணி, மாடியில் வெந்நீர் ஹீட்டர் நன்றாக ஓடுகிறதா, கொசுவலை கிழிந்திருக்கிறதா, பொங்கலுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள் என்றாய். குழந்தைக்காகக் கேட்கிறான் என்று நான் பூரித்துப்போனேன். அப்போதுகூட, யாருக்காகக் கேட்கிறாய் என்பதை நீ சொல்லவில்லை.

உங்கப்பாவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஏனுங்க, பொங்கலுக்கு உங்க மகன் வாரானுங்க என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குழந்தையும் வருதா என்று அதை மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு முழங்கால் வலியே இல்லை. மாடியில் அவரே நின்று சுண்ணாம்பு அடிக்க வைத்தார், கனிஷ்கா தரையில் உட்கார்ந்து விளையாடும் என்று பவானி ஜமக்காளம் ஒன்று வரவழைத்தார். அப்புறம் ஒரு நாள் காந்திபுரம் போய்வருகிறேன் என்று டவுன் பஸ் ஏறினவர் ஆட்டோவில் ஒரு சிவப்புச் சைக்கிளோடு வந்து இறங்கினார். குழந்தை மூன்றடி பத்து அங்குலம் என்று கயல்விழி பள்ளிக்கூட போட்டோவோடு எழுதியிருந்தாளே, அதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கடைக்காரரிடம் காட்டியிருக்கிறார். அவர் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள், ஏழு வயதுக்கு மேல் இது சேராது என்றாராம், உங்கப்பா கேட்கவில்லை, பழகுகிற பிள்ளைக்குக் கால் தரையில் படணும் என்று சின்னதையே வாங்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஐந்து மாசக் கைக்குழந்தையாகப் பார்த்தது, அவர் மனதில் அவள் எந்த அளவில் இருக்கிறாளோ எனக்குத் தெரியவில்லை.

தம்பி வருகிறான் என்று கேள்விப்பட்டு மோகனா மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிக்கு முந்தின நாளே வந்து மாடியில் தங்கினாள், அவர்கள் வந்ததும் கீழே வந்துவிடுகிறோம் என்றாள். போகியன்று காலையில் வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தோம், பத்து மணி இருக்கும், ஒரு பெரிய கார் வந்து நின்றது. எப்போதும் ஒற்றைக் கதவைத் திறக்கிற மனுஷன் அன்றைக்கு கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். இறங்கினது சென்னையிலிருந்து வந்த ஷாஹுல் என்கிற தம்பியும் அவர் சம்சாரமும் அவர் அம்மாவும் ஆறு வயதில் ஒரு பெண் குழந்தையும். ஈஸ்வரமூர்த்தி ஐயாங்களா, ஐந்து நாளைக்கு மாடியைப் பதிவு பண்ணியிருந்தோம் என்று மரியாதையாகக் கேட்டு, போனில் இருந்ததைக் காட்டினார். உங்கப்பா போனைப் பார்க்கவில்லை. குனிந்து காருக்குள்ளே, பின்சீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். அதை நான் வாசலில் நின்று பார்த்தேன் சபரீஷ், எனக்குச் சாகிற வரைக்கும் அது போகாது.

உனக்குப் போன் போட்டேன், அங்கே ராத்திரி, நீ எடுக்கவில்லை. ஷாஹுல் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை, நாள் கிழமையில் பெரியவர்களோடு வந்தவர்களை எங்கே போகச் சொல்வது. மோகனா பிள்ளைகளை எழுப்பி அரை மணியில் மாடியைக் காலி பண்ணிக் கொடுத்தாள். மாப்பிள்ளை ஈரத்தலையோடு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, வாடகைக்கு வந்தவனுக்கு இருக்கிற உரிமை இந்த ஊட்டு மாப்பிள்ளைக்கு இல்லைங்களாட்டம் இருக்குதுங்க என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டு, பொங்கல் கூட வைக்காமல் மோகனாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார். சாயங்காலம் உன்னிடமிருந்து செய்தி வந்தது. ஸாரிம்மா, புதுக் கம்பெனி புக்கிங், சொல்ல மறந்துட்டேன், கெஸ்ட்டைத் திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க, ரேட்டிங் போயிரும் என்று. நீ வருவதாக நாங்கள் நினைத்தோம் என்பது உனக்குத் தெரியாது, அதனால் அந்தச் செய்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அது பொய்.

அந்தக் குழந்தை படிக்கட்டுக்கு அடியில் சைக்கிளைப் பார்த்துவிட்டு, இது யாருது தாத்தா என்று கேட்டது. இந்த ஊட்டுக்கு வர்ற புள்ளைக்கு வாங்குனது கண்ணு, நீ ஓட்டு என்று உங்கப்பா காகிதத்தைக் கிழித்து எடுத்துக் கொடுத்தார். ஐந்து நாளும் வாசலில் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். போகும்போது ஷாஹுல் தம்பி அந்தக் கம்பெனியில் ஐந்து நட்சத்திரம் போட்டு, குழந்தைக்குச் சைக்கிள் கூட வைத்திருக்கிறார்கள், ஐயா தங்கமான மனிதர் என்று எழுதினார். அதை நீ படித்திருக்கிறாய். படித்துவிட்டு, அப்பாவுக்கு எதற்குச் சைக்கிள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. வீட்டில் என்னென்ன வசதி இருக்கிறது என்று போடுகிற பட்டியலில் வைஃபை, ஹீட்டர், கார் நிறுத்துமிடம் என்பதற்குக் கீழே சிறுவர் சைக்கிள் என்று சேர்த்துவிட்டு, சூப்பர் ஐடியாம்மா என்று எனக்குக் கட்டைவிரல் அனுப்பினாய். போன வாரம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, சைக்கிள் போட்டிருந்தீங்களே, எங்கே என்று கேட்டது. உங்கப்பா காற்றடித்துத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. நீ வராதது கூட எனக்குப் பழகிவிட்டது, நீ வருவாய் என்று வாங்கிவைத்ததையும் எடுத்து வாடகைக்கு விட்டாயே என்று எரிந்தது.

ஷ்ரவ்யாவைக் கூட வைத்துக்கொண்டு ஒரு காரியம் பண்ணியிருக்கிறேன். கனிஷ்காவுக்கு ஜூலையும் ஆகஸ்டும் லீவு என்று அவள்தான் சொன்னாள், அதனால் ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆகஸ்ட் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் மாடியை அடைத்துவிட்டேன். ஜவுளிக்கடை காலண்டரையும் ஆணியில் மறுபடி மாட்டியாயிற்று. உன் போனில் அந்தப் பத்து நாள் சாம்பல் நிறத்தில் தெரியும். அந்தப் பக்கம் யாரோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே, அது நான். வருகிறாய் என்றால் வாயைத் திறந்து வருகிறேன் என்று சொல், வரமாட்டாய் என்றால் அதையும் சொல், உங்கப்பா இன்னொரு தடவை இரண்டு கதவையும் திறக்கக் கூடாது. எப்படியானாலும் அந்தத் தேதியை யாருக்கும் திறந்துவிடாதே, சும்மா பூட்டிக் கிடக்கட்டும்.

வாரத்துக்கு ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி, மாப்பிள்ளைக்கு நீயே போன் பண்ணி இரண்டு வார்த்தை தணிவாகப் பேசு, குழந்தையிடம் வீட்டில் தமிழில் பேசுங்கள். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், எத்தனை கசப்பு இருந்தாலும் அதில் எனக்குக் குறையில்லை.

மறக்காமல் அந்தப் பட்டியலிலிருந்து சைக்கிளை எடுத்துவிடு. கனிஷ்காவுக்கு ஆவணியில் ஏழு முடிகிறது, அது வரைக்கும் அது அவளுடையது. அதற்கு மேல் அவளுக்குச் சேராது, அப்புறம் வேண்டுமானால் நீயே பழையபடி போட்டுக்கொள்.

உன் அம்மா,
ஈ. ராசாத்தாள்