ஜமீலா கட்டிய வேலி

என் அன்பு ஜமீலா,

நம் அலையாத்திக் காட்டில் நீ கட்டிய வேலியைப் போன வாரம் எடுத்துவிட்டோம். கோபப்படு, ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

ஆறு கடலில் சேரும் அந்தச் சேற்றில் ஆடு புகுந்தால் நீ நட்ட மரக்கன்றுகளில் ஒன்றும் மிஞ்சாது என்று, பழைய மீன்வலையை நீதான் சுற்றிக் கட்டினாய். நீ இருந்தவரை அது நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சலில் நீ போன பிறகு பாலிதீனும் பாசியும் வலைக்கண்ணை அடைத்துக்கொண்டன. நான் கீரனூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சுத்தம் செய்வேன். அடுத்த முறை கடல் ஏறும்போது மறுபடி அடைத்துக்கொள்ளும்.

உள்ளே தேங்கிய தண்ணீர் வற்றி உப்புப் பூத்தது, கன்றுகள் கருக ஆரம்பித்தன. வெளியே தானாக முளைத்து ஆட்டுக்குத் தப்பியவை பச்சைப்பசேலென்று நின்றன. மனிதர்களால் காட்டுக்கு என்ன கேடு என்று நாம் இருவரும் ஆராயப் போனோம், நம் வேலியே கேடாகிவிட்டது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய், இல்லையா?

உன் உம்மாவிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. தினமும் வந்து அந்த வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார், தெரியுமா? போன வாரம் ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வலையை அறுக்கக் கத்தியோடு போனேன். உம்மா அங்கேயே நின்றிருந்தார்.

"எம் மக கட்டுனது. அதுல கைய வைக்காத, கலா" என்றார்.

"உள்ள பாருங்கம்மா. அவ வச்ச கன்னு சாகுதும்மா."

உம்மா சேற்றில் இறங்கினார். கருகிய இலை ஒன்றைக் கசக்கிப் பார்த்தார்.

"பொழைக்குமா?"

"தண்ணி வந்துபோனா பொழைக்கும். எல்லாமே பொழைக்காது."

அப்படியே நின்று அழுதார். நானும்தான். பிறகு, "கத்தியெல்லாம் வேணாம். இந்த முடிச்சு நாஞ் சொல்லிக் கொடுத்தது" என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கையாலேயே அவிழ்த்தார். வலையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. இதற்கெல்லாம் நீ இருந்திருக்க வேண்டாமா?

மறுநாள் ஆடு என்ன செய்திருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன். கடல் தண்ணீர் தாராளமாக உள்ளே வந்திருந்தது. கன்றுகளுக்கு நடுவில், முழங்கால் தண்ணீரில், கையில் குச்சியோடு உம்மா.

"அங்கிட்டுப் போ, சனியனே!" என்று ஒரு கிடாயை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேலியத்தான் எடுத்தாச்சே கலா. அதான் நானே வந்து நிக்கிறேன்."

ஜமீலா, அந்தக் கன்றுகள் ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை உம்மாவை அங்கே தனியாக நிற்க விடமாட்டேன்.

உன் உம்மாவுக்கு இன்னொரு மகள்,
கலா